கிள்ளையில் வாயை மூடியிருந்த மதியம்

இரண்டாயிரத்து ஒன்பது ஆவணியில் மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் என் கணவரும் கடலூரிலிருந்து கிள்ளைக்குப் போனோம். பார்ப்பது என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த என் மகளும் அந்தப் பையனும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். என் கணவர் ஒரு மாதத்தில் இறங்கி வந்தார். நான்தான் பிடிவாதமாக இருந்தேன். பையனின் அம்மா கருவாட்டு வியாபாரம் செய்பவர். “அந்த வாடையில நீ குடும்பம் நடத்துவியா?” என்று மகளிடம் கேட்டிருந்தேன். அவள் அதை அவனிடம் சொன்னாள். அவன் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். என் ஆட்சேபம் வாடையோடு முடிவதல்ல என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் சரி என்றேன். வீடு பார்க்க நாள் குறித்தார்கள். அதே சமயத்தில் என் கீழ்க் கடைவாய்ப் பல் மறுபடி வலிக்கத் தொடங்கியது. அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்று டாக்டர் கோடையிலேயே சொல்லியிருந்தார். எனக்கு எதையும் வரிசையாகச் செய்ய வேண்டும். முதலில் வீடு பார்ப்பது, பிறகு பல். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். ஒரு நாள் வலி சட்டென்று நின்றுவிட்டது. குணமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பல்லின் நரம்பு செத்துப்போனால் அப்படி நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. பிறகு தாடைக்குக் கீழே வீங்கியது. துணியைச் சுட வைத்து ஒத்தடம் கொடுத்தேன்.

புறப்பட வேண்டிய காலையில் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. இட்லியைப் பிட்டு உள்ளே தள்ள முடியவில்லை. உடம்பு சுட்டது.

“என்னா மூஞ்சி ஒரு பக்கமா இருக்குது?” என்றார் கணவர். “டாக்டர பாத்துட்டுப் போவலாமா?”

“இன்னிக்கிப் போவலன்னா வேணும்னே நிறுத்திட்டன்னு சொல்லுவா உங்க பொண்ணு.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வற்புறுத்தியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

காரில் போகும்போது எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கினால் தொண்டைக்குள் கல் நகர்வது போல வலித்தது. கைக்குட்டையில் துப்பினேன். அதில் ஒரு நாற்றம் இருந்தது. என் வாயிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். சிதம்பரத்தில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கார் சிதம்பரத்தைத் தாண்டிப் போனது.

கிள்ளையில் அவர்கள் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, கூடத்தில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். பையனின் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நான் வலது கையால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். என் நாற்றம் அவர்மேல் படக் கூடாது என்பதுதான் காரணம். மூடிய முந்தானையை நான் எடுக்கவே இல்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். காபி வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இலை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் சம்மதம் இருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்போம். என் கணவர் உட்கார்ந்துவிட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“ஒக்காருங்கம்மா.”

தலையை ஆட்டி மறுத்தேன்.

பையனின் அம்மா கையிலிருந்த சாதக் கரண்டியைக் கீழே வைத்தார். “சாம்பிராணி போட்டும் அடிக்குதா? நேத்தே மூட்டையெல்லாம் ஷெட்டுல தூக்கிப் போட்டுட்டன். செவுரு மொதக்கொண்டு கழுவியாச்சி. இதுக்கு மேல நான் என்னா பண்றது?”

“உடு அக்கா,” என்றார் அவருடைய தம்பி. “படிச்சவங்க. மூக்கப் பொத்திக்கினுதான் நம்ம ஊட்டுக்கு வருவாங்க.”

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கல்யாணம் அங்கேயே முறிந்துகொண்டிருந்தது தெரிந்தது. மகளிடம் போய் என்ன சொல்வேன்?

முந்தானையை எடுத்தேன். ‘பல்லு’ என்று சொல்லப் பார்த்தேன். நாக்கை அடியிலிருந்து எதுவோ மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சூடான சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு சத்தம்தான் வந்தது. எச்சிலும் சீழும் மோவாயில் வழிந்து பட்டுப் புடவையில் விழுந்தன. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பையனின் அம்மா ஒரு அடி பின்னால் போனார். பிறகு கிட்ட வந்து என் மோவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

“எச்சி முழுங்க முடியுதா?”

இல்லை என்றேன் தலையால்.

யாரோ பாய் விரித்தார்கள். சாய்த்ததுமே மூச்சு முட்டியது. திமிறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். “படுக்க வைக்காதீங்க!” என்று பையன் கத்தினான். கார்ச் சாவி அவன் கையில் இருந்தது. “அத்த, முன்னாடி சீட்ல நிமிந்து ஒக்காருங்க. எச்சிய வழிய உடுங்க, பரவால்ல.” அவன் அம்மா ஒரு குண்டானை என் மடியில் வைத்துவிட்டு என் கணவரோடு பின்னால் ஏறினார். சிதம்பரம் வரைக்கும் அந்தக் குண்டானில்தான் துப்பினேன்.

பல் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். “வாய் தொறக்கல, முழுங்க முடியல, கொரலு மாறிடிச்சி, ஜொரம் வேற. இதுல ஒண்ணு வந்தாலே ஓடி வரணும்மா. வீக்கம் நாக்குக்கு அடியில பரவிச்சின்னா மூச்ச அடைச்சிடும். ஒத்தடம் யாரு குடுக்கச் சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றி, தாடைக்குக் கீழே கீறினார்கள். என் கணவர் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார். சீழ் வழிந்த தட்டைப் பையனின் அம்மாதான் பிடித்துக்கொண்டிருந்தார். அறை முழுவதும் நாறியது. நர்ஸ் ஜன்னலைத் திறந்தார். பையனின் அம்மா மூக்கை மூடவில்லை.

எல்லாம் முடிந்ததும் தட்டைக் கீழே வைத்தார். “இதுக்கு எங்க கருவாடு தேவலாம் சம்மந்தி.”

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே நின்ற என் கணவர் சிரித்ததும் கேட்டது. சம்மந்தி என்று கூப்பிட்டுவிட்டார், கல்யாணம் நிற்காது என்று எனக்கும் புரிந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

என்னை ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்தார்கள். வீக்கம் வடிந்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். அன்றும் பையனின் அம்மா வந்திருந்தார். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, பஞ்சோடு “நான் அன்னிக்கி உங்க ஊட்டப் பத்தி...” என்று ஆரம்பித்தேன்.

“சும்மா இருங்க. அர மணி நேரம் பேசக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? ரத்தம் வந்துறப் போவுது.”

சும்மா இருந்தேன். பேச முடியாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதும் கூசுகிறது. அரை மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து பஞ்சை எடுத்துவிட்டுப் போனார்.

“வலிக்குதா?” என்று கேட்டார் சம்மந்தி. முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். நான் எதையாவது சொல்வேன் என்று காத்திருந்தது போல இருந்தது.

“இல்லீங்க,” என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.