ஜெனில் வைத்த நட்சத்திரம்

ஜெனில் திருகாணியைக் கண்ணால் தேடுவதில்லை. சுண்டுவிரலால் தடவி இடத்தைக் கண்டுபிடித்த பிறகே திருப்புளியை வைக்கிறார். தேநீர் ஊற்றும்போதும் ஒரு விரல் டம்ளரின் விளிம்பில் இருக்கும். "தூரம் பிடிகிட்டாது" என்றார், நான் கேட்டபோது.

உதியன்குளங்கரை சந்திப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை. வயது நாற்பத்தொன்று. குளத்தூர்க் கடற்கரைக்காரர். லேசர் படித்து, சிலி நாட்டு மலையொன்றில் பெரிய தொலைநோக்கியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். அதைக் கேட்டால் மட்டும் பேச்சு நீளும்.

"காத்து எளகிட்டே இருக்குமாக்கும். அதுல நட்சத்திரம் கலங்கித் தெரியும். நாங்க மஞ்சள் லேசரை மேல விடுவோம். தொண்ணூறு கிலோமீட்டர் ஒசரத்துல சோடியம் உண்டு, அது மின்னும். நாமளே வச்ச நட்சத்திரம். அது எப்பிடி ஆடுதுன்னு பாத்து, தொலைநோக்கிக்க கண்ணாடிய நொடிக்கு ஆயிரம் தடவ வளச்சு, கலக்கத்த எடுத்திருவோம்."

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தால் அந்த மஞ்சள் ஒளியே தெரியாது. ஒருநாள் லேசர் கதிர் பாதை விலகிப் போயிருந்தது. இருட்டுவதற்குள் சரிசெய்ய வேண்டும். ஜெனில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஏதோ உலோக விளிம்பில் பட்டுத் திரும்பிய ஒளி வலக்கண்ணில் இறங்கியது.

"வலிக்கேல்ல. ஒரு மஞ்சள் வட்டம். பொறவு அந்த எடம் கறுத்துப் போச்சு."

விதியை மீறியது தான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். வீட்டில், ஒப்பந்தம் முடிந்ததாகச் சொன்னார். அம்மா லூயிசா மூன்று வருடம் அதை நம்பியிருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை, நான் கடையில் இருந்தபோது லூயிசா வந்தார். கண்புரை எடுத்திருந்ததால் புதுக்கண்ணாடி வேண்டும். பழையதைக் கழற்றி மகனிடம் நீட்டினார். ஜெனிலின் கை நாலு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொண்டது. கண்ணாடி தரையில் விழுந்தது.

"ஏன் மக்கா, வெறுங்காத்தப் பிடிக்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லு."

சொன்னார். இரண்டே வாக்கியம். வெளியே களியிக்காவிளை பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

லூயிசா எழுந்து, மகனின் இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினார்.

"இப்பம் நான் தெரியுதேனா?"

"சேலை தெரியுது. மொகம் இருக்க எடத்துல அந்தக் கறுப்பு."

கையை எடுக்காமல், லூயிசா தன் முகத்தை மட்டும் ஒருபக்கமாக நகர்த்தினார். "இப்பம்?"

இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.