மேல் ஷட்ஜமும் கெட்டிமேளமும்

நம் ஊர்ப் பாட்டை மேற்கத்திய சோப்ரானோ குரலில், கூரையைத் தொடும் உச்சத்தில் பாடுவது என் தொழில். இதில் கைதட்டலுக்கு முன்னால் சந்தேகம் வந்துவிடும். குரலை வைத்துப் பிழைக்கும் உங்களுக்கு இது தெரியாததா?

எதிர்வீட்டு அக்கா

சென்னையில் ஒரு பியானோ டீச்சரிடம் கற்றுக்கொண்டு வந்து, காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் சாதகம் செய்வேன். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதனால் அந்த உச்சக் குரல் என்னுடையது என்று தெருவில் ஒருவரும் நம்பவில்லை. எதிர்வீட்டு அக்கா தறியைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். பாடினேன் என்றேன். அவர் ஏற்கவில்லை. கூடத்தில் இருந்த அப்பாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்தார்.

"ஏம்மா, உங்கப்பா அடிச்சாரா? எங்கிட்ட மறைக்காத."

மைக்செட் அண்ணன்

தெரு தன்னையே சந்தேகப்பட்டதும் அப்பா கெடு வைத்துவிட்டார். இன்னும் இரண்டு மேடை. அதிலும் மானம் போனால், பாட்டை மூட்டை கட்டிவிட்டு டைப்ரைட்டிங் வகுப்பு.

முதல் மேடை செவிலிமேட்டில், ஒரு குடியிருப்பு விழா. உச்சம் வரும்போது நாம் மைக்கை விட்டுப் பின்னால் நகர்வோம். இல்லையென்றால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். வாய் அங்கே, சத்தம் இங்கே என்றதும் மைக்செட் அண்ணனுக்கு உறுத்தியது. பாட்டின் நடுவிலேயே மேடையேறி மைக் வயரைப் பிடுங்கினார். பாட்டு நிற்கவில்லை. மேடையில் இருந்த மேசையின் விரிப்பைத் தூக்கி அடியில் தேடினார். முன்வரிசை சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை.

"கேசட்டு எங்கமா ஓடிக்கினு இருக்குது? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

தவில்காரர்

இரண்டாவது மேடை ஒரு பட்டு வியாபாரி வீட்டுக் கல்யாணம். வரவேற்பில் தனக்கு மாலை போடவில்லை என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் முறுக்கிக்கொண்டார். நல்ல நேரம் தொடங்கியும் தாலி கட்டச் சம்மதம் சொல்லவில்லை. மாப்பிள்ளை தாலியும் கையுமாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சங்கடத்தை மறைக்கப் பெண்ணின் அப்பா என்னைப் பாடச் சொன்னார்.

மேல் ஷட்ஜத்தைத் தொட்டேன். முகூர்த்த நேரத்தில் பந்தலில் தும்மலோ அழுகையோ கேட்டால், அது யார் காதிலும் விழாதபடி கெட்டிமேளம் கொட்டுவது வழக்கம் அல்லவா? யாரோ ஒப்பாரி வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட தவில்காரர் வெளுத்து வாங்கிவிட்டார். கெட்டிமேளம் கேட்ட மாப்பிள்ளை தாலியைக் கட்டிவிட்டார். அட்சதை விழுந்தது. மாமன் வாயைத் திறந்தபடி நின்றார்.

டைப்ரைட்டிங்தான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். அப்பா மன்னிப்புக் கேட்கப் போனார். பெண்ணின் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாட்டை நிறுத்திடாதீங்கபா. சின்னவ கல்யாணத்துலயும் எவனாவது ஒரு மாமன் முறுக்கிக்கினு நிப்பான்."

அப்பா நிறுத்தவில்லை, ஆனால் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பாட்டுக்காகக் கூப்பிடுகிறார்களா, பக்கத்தில் தவில் இருக்கிற தைரியத்தில் கூப்பிடுகிறார்களா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.