யாரும் திருத்தாத தாள்கள்

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டைக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றின் ஆபீசில் சாந்தாமேரி டைப்பிஸ்டாகச் சேர்ந்தது 1971இல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு சேர்ந்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. அவளாகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்துக்கு இறங்கி டைப்ரைட்டிங் ஹையரும் அக்கவுண்டன்சி ஹையரும் பாஸ் பண்ணினாள். பதின்மூன்று வருஷத்தில் அந்த ஆபீசே அவள் கைக்குள் வந்துவிட்டது. கணக்கெழுதும் ரைட்டர்கள் மாறினார்கள், மேனேஜர்கள் மாறினார்கள். எந்தக் கடிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று கேட்க எல்லாரும் அவளிடம்தான் வந்தார்கள்.

கணவன் மனுவேல் அதே எஸ்டேட்டில், பழத்தைத் தோலுரிக்கும் மெஷின் கொட்டகையில் வேலை பார்த்தான். வருஷத்தில் நாலு மாசம் ஈரத்திலேயே நிற்கிற வேலை. நெஞ்சில் சளி நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. ஒரே மகள் இன்பமேரி. எஸ்டேட் கொடுத்த இரண்டு அறை குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள்.

1984இல் எஸ்டேட்டை மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கியது. புதிதாக வந்த மேனேஜர் நல்ல மனிதர்தான். ஒரு மாசம் ஆபீஸ் நடக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க செய்யறது அசிஸ்டென்ட் மேனேஜர் வேலைம்மா. அந்தப் போஸ்ட்டை உங்களுக்கே தர எனக்கும் ஆசை. ஆனா கம்பெனி ரூல் டிகிரி கேக்குது. ரெண்டு வருஷம் தள்ளிப் போட முடியும். அதுக்குள்ள ஒரு பி.காம். கொண்டாங்க. இல்லேன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வருவாங்க. அப்புறம் டைப்பிஸ்ட் வேலையும் இருக்குமான்னு எனக்குத் தெரியாது."

அவள் விசாரித்தாள். தபால் வழியில் பி.காம். படிக்க மூன்று வருஷம். பி.யூ.சி. இல்லாததால் அதற்கு முன்னால் ஒரு நுழைவுத் தேர்வு, அதற்கு ஒரு வருஷம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த ஆசையை மூடி வைத்தாள்.

அப்போதுதான் வெள்ளையன் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்தான். வெள்ளையன் வாழவந்திக்காரன்; சாமையும் கொஞ்சம் காப்பியும் போடுகிற மலை விவசாயக் குடும்பம். அந்த ஊரிலிருந்து எஸ்டேட் ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள். காலையில் வேலைக்கு வந்த ஆள் பெயர் எழுதும் வேலை அவனுக்கு. அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"அக்கா, சேலம் பஸ் ஸ்டாண்டுல குடுத்தாங்க. பதினாலு மாசத்துல பி.காமாமுங்க. நீங்க சேந்தீங்கன்னா நானும் சேந்துக்கறேனுங்க. தனியாப் போறதுக்குப் பயமா இருக்குது."

ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த டுடோரியல். நடத்தியவர் பெயர் செல்லப்பன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அதட்டாத குரல். அவளுடைய சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகப் படித்தார்.

"ஏனுங்க மேடம், டைப்ரைட்டிங் ஹையர், அக்கவுண்டன்சி ஹையர், பதிமூணு வருஷம் ஆபீஸ் அனுபவம். இதெல்லாம் படிப்பு இல்லீங்களா? வடக்க ஒரு யுனிவர்சிட்டியில இதுக்கெல்லாம் மதிப்புக் குடுக்கறாங்க. பி.காமுக்குப் பதினெட்டு பேப்பர்னா உங்களுக்குப் பன்னெண்டு கழிஞ்சு போயிரும். ஆறே பேப்பர்தான் நீங்க எழுதோணும்."

வெள்ளையனுக்கு அந்தச் சர்டிபிகேட்டுகள் எதுவும் இல்லை. அவனுக்கும் பன்னிரண்டு பேப்பர் கழியும் என்றார் செல்லப்பன். சாந்தாமேரிக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. அவள் செய்துவந்த வேலையை ஒருவர் படிப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாடிப்படி இறங்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மனுவேல் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பதினாலு மாசத்துல பி.காமா? காப்பிச் செடி காய்க்கவே நாலு வருஷம் ஆவுது, புள்ள." அவள் கோபித்துக்கொண்டு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சாக்கு அடுக்கிய ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து படித்தார்கள். புத்தகமெல்லாம் இங்கிலீஷ். வெள்ளையனுக்குக் கம்பெனிச் சட்டம் தலையில் ஏறவே இல்லை. அடக்கவிலைக் கணக்கை அவள் எஸ்டேட்டை வைத்தே சொல்லிக் கொடுத்தாள்: உரம் எதில் சேரும், கூலி எதில் சேரும், மழையில் கொட்டிப் போன பழம் எதில் சேரும். ஒரு வருஷத்தில் அந்த ஆறு புத்தகமும் அவளுக்கு வரி வரியாக மனப்பாடம்.

பரீட்சைக்கு ஜோலார்பேட்டையில் ரயில் மாறி, ஆந்திராவுக்குள் ஒரு சின்ன ஊருக்குப் போக வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். முழங்கால் இடிக்கிற பெஞ்சுகள். எழுபது பேர் இருந்தார்கள். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு மேற்பார்வையாளர் சொன்னார்: "புத்தகம் வச்சிருக்கிறவங்க பாத்து எழுதிக்கலாம். சத்தம் மட்டும் கூடாது."

சுற்றிலும் பக்கம் புரளும் சத்தம். சாந்தாமேரி தன் புத்தகங்களைப் பையில் போட்டு, பையைக் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, எல்லாரும் பாத்துத்தானுங்க எழுதறாங்க," என்றான் வெள்ளையன் மெதுவாக.

"எனக்கு வேண்டாம். நீ எழுது."

மூன்று நாள், ஆறு பேப்பர். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம். கடைசி மணி அடிக்கிறவரை எழுதினாள். விரல் வீங்கி, ரயிலில் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அங்கே நடந்தது சரியில்லை என்று இருவருக்குமே தெரியும். ஆனால் எழுதியது தன் அறிவு, அதில் கள்ளம் இல்லை என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் அவள் தன்னையே மன்னிக்காமல் போனது அந்த ரயில் பயணத்துக்காகத்தான். அன்றைக்கு யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

டிசம்பரில் சர்டிபிகேட் வந்தது. முதல் வகுப்பு. கம்பெனிச் சட்டத்தில் அவளுக்கு எழுபத்திரண்டு. வெள்ளையனுக்கும் எழுபத்திரண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அவனுடையதை அவனிடம் கொடுத்தாள். அவன் இன்னும் வேலையில் நிரந்தரமாகவில்லை. ஆனபிறகு காட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்துவிட்டான்.

1986 ஜனவரியில் அவள் அசிஸ்டென்ட் மேனேஜர் ஆனாள். சர்ச்சில் ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் அவள் பெயரைச் சொல்லி, பெண்பிள்ளைகளை எழுந்து நின்று கைதட்டச் சொன்னார். மனுவேல் பின்வரிசையில் இருமிக்கொண்டே கைதட்டினான்.

இரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தாள். அதுவரை வாய்ச் சொல்லாக இருந்த பிரசவ லீவை எழுத்தில் பதிய வைத்தாள். காளியாயி என்கிற பழம் பறிக்கும் பெண்தான் முதல்முதலில் சம்பளத்தோடு அந்த லீவை எடுத்தவள்.

1988 பிப்ரவரியில், போலிப் பட்டங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வரத் தொடங்கியதும், மெட்ராஸ் ஆபீஸ் எல்லாருடைய சர்டிபிகேட்டையும் சரிபார்க்க அனுப்பியது. ஆறு வாரத்தில் பதில் வந்தது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் சொன்னார்.

"இந்த சர்டிபிகேட் நம்பருக்கு யுனிவர்சிட்டி ரிஜிஸ்தர்ல யாருமே இல்லைன்னு பதில் வந்திருக்கும்மா."

"நான் பரீட்சை எழுதினேன் சார். ஆறு பேப்பர்."

"அந்த ஊர்ல அவங்க பரீட்சையே வச்சதில்லைன்னு எழுதியிருக்காங்க."

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்தத் தாள்களை யாரும் திருத்தவில்லை. யாரும் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தின் பின்பக்கமே போட்டுக் கொளுத்தியிருப்பார்கள்; இல்லை, எடைக்குப் போட்டிருப்பார்கள்.

"உங்களோட வேற யாராவது போனாங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளையன் குனிந்து ஆள் பெயர் எழுதிக்கொண்டிருந்தான்.

"இல்லைங்க சார். நான் மட்டும்தான்."

மறுநாள் சேலத்துக்கு இறங்கினாள். மருந்துக் கடை இருந்தது. மாடியில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "அவுங்க காலி பண்ணி ஒரு வருஷம் ஆச்சுங்க," என்றார் தையல்காரர். "உங்களாட்ட வாரத்துக்கு நாலு பேரு வந்து பாத்துட்டுப் போறாங்க."

திரும்பி வந்ததும் வெள்ளையனைத் தனியே கூப்பிட்டாள். "உன் சர்டிபிகேட்டை வெளிய எடுத்துராத. இன்னிக்கே அடுப்புல போடு. உன் பேரை நான் சொல்லலை."

அவன் அழுதான். "உங்களுக்கு நான் என்னங்க்கா பண்ணுவேன்? நோட்டீசைக் கொண்டாந்தவனே நானுங்க."

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இரு."

விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஆபீசில் இருந்த எல்லாரையும் அவள் முன்னாலேயே கேட்டார்கள். வெள்ளையன் முறை வந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா அப்பப்போ சேலம் போவாங்கங்க. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க."

அதுவரைக்கும் அவள் எதிர்பார்த்ததுதான். அவர்களில் ஒருவர் விடாமல் கேட்டார்: "கள்ள சர்டிபிகேட்டுன்னு தெரிஞ்சேதான் வாங்கினாங்களா?"

தெரியாது என்று சொன்னாலே போதும்.

"இருக்கலாமுங்க," என்றான் வெள்ளையன்.

அந்த ஒரு சொல்தான் அவளை உடைத்தது. அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் அவள் மறுப்புச் சொல்லவில்லை. தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்தால் போலீசுக்குப் போக மாட்டோம் என்றார்கள். ராஜினாமாக் கடிதத்தை டைப் அடிக்க ஆபீசில் வேறு ஆள் இல்லை. அவளே தாளை மாட்டி, தவறில்லாமல் அடித்து, கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் போஸ்ட்டுக்குக் கம்பெனி மெட்ராஸிலிருந்து யாரையும் அனுப்பவில்லை. இனிச் சர்டிபிகேட்டை நம்ப வேண்டாம், வேலை தெரிந்தவர்களே போதும் என்று ரூலை மாற்றிவிட்டார்கள். வெள்ளையன் முதலில் ரைட்டர் ஆனான். மூன்று வருஷத்தில் அவளுடைய நாற்காலிக்கு வந்தான்.

மனுவேலை யாரும் போகச் சொல்லவில்லை. அவன்தான் இருக்க மாட்டேன் என்றான். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு தலைச்சோலையில் இருந்த அவள் அண்ணன் லூர்துராஜ் வீட்டின் பின்னறைக்குப் போனார்கள். பூசையில் பழைய ஆட்கள் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள், மரியாதைக்காக அல்ல.

ஏற்காட்டில் ஒரு வியாபாரியின் குடோனில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை கிடைத்தது. கருத்ததையும் உடைந்ததையும் தனியே எடுக்க வேண்டும். பஞ்சு போலத் தூசி பறக்கும். முதல் நாள் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் காளியாயி.

"ஏனுங்கம்மா, நீங்க எதுக்குங்க இங்க வந்தீங்க?"

"வேலைக்குத்தான் காளியாயி."

காளியாயி முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். ஆனால் ஒரு வாரத்தில் அவளும் வேறு மூலைக்குப் போய்விட்டாள். அம்மா என்று கூப்பிட்டவளோடு சரிசமமாக உட்கார்ந்து பொறுக்க அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே சாந்தாமேரி முறையான தபால் வழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். நுழைவுத் தேர்வு தேறி, 1991இல் சேலத்தில் முதல் வருஷப் பரீட்சைக்கு உட்கார்ந்தாள். கணக்கியல் தாளில் முதல் கேள்வி அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியது. கை நகரவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்தபோது, "சார், இதை யாராச்சும் திருத்துவாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

"என்னம்மா கேக்கறீங்க? எழுதுங்க," என்றார் அவர்.

ஒன்றரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு, மீதி நேரத்தில் முடிந்ததை எழுதினாள். மார்க் தபாலில் வந்தது. கணக்கியல்: முப்பத்தொன்று. ஃபெயில். மனுவேல் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அழவில்லை. "யாரோ படிச்சுத்தான் குறைச்சிருக்காங்க," என்றாள்.

திரும்ப எழுத வாய்க்கவில்லை. அந்த டிசம்பரில் மனுவேல் படுத்தான். பிப்ரவரியில் சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தான். ஏப்ரலில் பிளஸ் டூ எழுதி முடித்த இன்பமேரி, கல்லூரிக்கு வேண்டாம் என்று தானாகவே சொல்லிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். சாந்தாமேரி தடுக்கவில்லை. படிப்பு முக்கியம் என்று மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மனுவேலை அடக்கம் செய்த அன்று வெள்ளையன் வந்திருந்தான். கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். எல்லாரும் கலைந்தபிறகு அவள் எதிரில் வந்தான். அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க. வாழவந்தில எங்க ஊட்டுல எட்டுப் பேருங்க்கா. என்னையும் சேத்துத் தூக்கிப்போடுவாங்கன்னு பயந்துட்டனுங்க."

"இன்னிக்கு வேண்டாம் வெள்ளையா," என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இரண்டு முறை தலைச்சோலைக்குத் தேடி வந்தான். இரண்டு முறையும் அவள் உள்ளேயே இருந்துகொண்டு, வீட்டில் இல்லை என்று அண்ணனைச் சொல்லச் சொன்னாள். குடோன் வேலையை 1997வரை பார்த்தாள். கருத்த கொட்டைக்கும் நல்ல கொட்டைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குக் கண் மங்கியபோது வியாபாரி நின்றுகொள்ளச் சொன்னார். அப்போது அவளுக்கு வயது நாற்பத்துமூன்று.