தெருவின் முதுகு

காமாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள ராஜ வீதிகளில், பட்டுக் கடைகளுக்குச் சைக்கிளில் தேநீர் கொண்டுபோய் ஊற்றுவது முனுசாமியின் தொழில். மீசை அரும்பிய வயதில் தொடங்கியவர், எழுபதை நெருங்கும் இன்றும் அதை விடவில்லை. கோயிலை வலமாகத்தான் சுற்றவேண்டும் என்பது அவருடைய தாயின் கண்டிப்பு. ஆகவே சைக்கிளும் அன்றுமுதல் வலமாகவே சுற்றியது.

சென்ற மாசியில், குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டி, போக்குவரத்தை எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள். முனுசாமி மனத்துக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இடமாகத் திரும்பினார். சிறிது தொலைவு சென்றதும் ஊரே அந்நியமாகிவிட்டது. கடைகள் இருந்தன, பெயர்ப்பலகைகள் இருந்தன. அடுத்து எது வரும் என்பதுதான் தெரியவில்லை. நாள்தோறும் தேநீர் ஊற்றும் கலியாணசுந்தரத்தின் பட்டுக் கடையைத் தேடிக்கொண்டே அதன் வாசலைக் கடந்து, பேருந்து நிலையத்தில் போய் நின்றார்.

பார்த்தவர் யாரோ வீட்டில் சொல்லிவிட்டார். ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பிய மகன் ராமராஜன், சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"போதும் நைனா. நாளைக்கு ரயிலேறிப் போயிட்டா நான் எங்கன்னு தேடறது?"

"டீ கேனத் தூக்கிக்கினு ரயில்ல ஏறுமாடா கெழம்?" என்றாள் முனுசாமியின் மனைவி அம்சா.

முனுசாமிக்குக் கோபம் வரவில்லை. அவரைக் குடைந்தது வேறு. முன்பெல்லாம் தேர் நாளில் வீதி அடைபட்டால், எந்தச் சந்தில் புகுந்தாலும் சரியான கடைக்கு வந்து சேர்வாரே! அப்போது ஊர் முழுவதும் தலைக்குள் கோலம்போல விரிந்து கிடந்தது. எந்தப் புள்ளியில் நின்றாலும் மற்றப் புள்ளிகள் தெரியும். இப்போது எஞ்சியிருப்பது ஒரே ஓர் இழை. அதையும் ஒரு முனையிலிருந்து பிடித்தால்தான் வருகிறது. அது ஏன்?

மறுநாள் காலை அம்சாவை அழைத்துக்கொண்டு வலமாக நடந்தார். கடிகாரக் கடையைத் தாண்டியதும் நின்றார்.

"இப்போ திரும்பிப் பாரு. அந்தப் பெரிய கடியாரம் தெரியுதா?"

"எங்கய்யா தெரியுது? டிரான்ஸ்பார்மர் மறைக்குது."

"அதான் பாரேன்! வரும்போது அதப் பாத்துத்தான் வளைவேன். இப்படி வந்தா அது இல்லவே இல்ல."

"தெருவுக்கு இன்னா, ரெண்டு மூஞ்சியா?"

"மூஞ்சி எனக்குத் தெரியும்டி. முதுகத்தான் பாத்ததில்ல."

அன்றுமுதல் இருவரும் காலைதோறும் நடந்தார்கள். மூலைக்கு மூலை அவர் திரும்பி நின்று, புதிய ஊரைப் பார்ப்பவர்போல வேடிக்கை பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சாவியைக் கேட்டார்.

"எதிர்ப்பக்கமா சுத்திக் கலியாணசுந்தரம் கடைக்கு வா. நான் அங்க நிக்கறேன். வந்துட்டா சாவி உனக்கு" என்று சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டான் ராமராஜன்.

முனுசாமி தேநீர்க் கேனோடு கிளம்பினார். மின்மாற்றியருகே மீண்டும் எல்லாம் குழம்பியது. பார்த்து வைத்த முதுகும் நினைவுக்கு வரவில்லை. இறங்கினார், சைக்கிளைத் திருப்பி, வந்த வழியைப் பார்த்து நின்றார். அங்கே பழைய முகம் இருந்தது. அதைக் கண்டதும், தாம் நிற்கும் இடம் இன்னதென்று விளங்கிவிட்டது. சைக்கிளை மறுபடி திருப்பி ஏறினார். அடுத்தடுத்த மூலைகளிலும் அவ்வாறே இறங்கினார், பார்த்தார், ஏறினார்.

கடை வாசலில் காத்திருந்த ராமராஜன், அவர் வந்து ஊற்றிக் கொடுத்த தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"ஆறிப்போச்சே, நைனா!"

"சூடா வேணும்னா பள்ளத்த மூடச் சொல்லு. நேரா வரேன்."

ராமராஜன் மிச்சத்தையும் குடித்துவிட்டுச் சாவியை நீட்டினான்.

"வெளியூர் போனா மட்டும் அம்மாவக் கூட்டிக்கினு போ."

"அவ இல்லாம எவன் போவான்?" என்று சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கடைக்குச் சைக்கிளைத் தள்ளினார் முனுசாமி.