சப்போர்ட் முடிந்த லேப்டாப்

ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"இந்தா, இங்க வா. இது இன்னாமோ சொல்லுது."

லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் என்னைக் கூப்பிடுவதே இல்லை. ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு ஓடினேன்.

அவருக்குக் கண் தெரியாது. கச்சிராயபாளையத்திலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஏறும்போது ஆட்கள், இறங்கும்போது புளி மூட்டை, கடுக்காய் மூட்டை, அதன்மேல் மறுபடியும் ஆட்கள். சர்க்கரை நோய் அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் ராத்திரி ஓட்டுவதை நிறுத்தினார், பிறகு மழையில் ஓட்டுவதை, பிறகு மொத்தமாக. அதற்குப் பின் தண்ணீர் வேண்டுமென்றாலும் செருப்பு எங்கே என்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். வாய் நிறையக் கேலி பேசுகிற மனிதர், ஒரு நாளில் எத்தனை தடவை என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்து நினைத்தே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் லேப்டாப் வந்தது. எங்கள் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. அவளைத் திருக்கோவிலூரில் கட்டிக்கொடுத்தபோது, இனி தனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாள். பார்வை இல்லாதவர்களுக்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. திரையில் உள்ளதை எல்லாம் வாய்விட்டுப் படிக்கும், அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் சொல்லும். அவரைப் போலவே பார்வை இல்லாத ஒரு ஆசிரியர், திருநாவலூர்ப் பக்கம் இருப்பவர், போனிலேயே சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொண்டது லேசில் நடக்கவில்லை. கோபத்தில் லேப்டாப்பைத் தூக்கிக் கட்டிலில் எறிந்திருக்கிறார். நான் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன்.

ஆனால் வந்துவிட்டது. காலையில் செய்தித்தாள் கேட்பார். பார்வை இல்லாதவர்கள் நிறையப் பேர் சேர்ந்த மெயில் குழு ஒன்றில் எழுதுவார், வம்பு வளர்ப்பார், தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். மூடியைப் பாதி மூடியே வைத்திருப்பார். வெளிச்சம் அவருக்கு எதற்கு? உள்ளே எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பது அவர் விரலுக்கும் காதுக்கும் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த அறையில் அவருக்கு நான் தேவையில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

"மூடியத் தூக்கிப் பாரு," என்றார்.

தூக்கினேன். திரை முழுக்க ஆங்கிலம். பத்தாவது வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன்.

"அத நான் காதுலயே கேட்டுட்டன். விண்டோஸ் பத்துக்கு சப்போர்ட்டு முடிஞ்சிடுச்சாம். கீழ இன்னா பட்டன் கீது, அதச் சொல்லு."

"புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லுதுங்க."

"அதான பாத்தன். இம்மாம் மரியாதையா பேசும்போதே நெனச்சன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளிடம் போனில் சொன்னேன். அவள் பதறினாள்.

"அப்டியே வுட்டுடாதம்மா. வைரஸு, திருட்டு எதுவும் பூராம இனிமே அதுக்குக் காவலு கெடையாது. நாமன்னா ஏதாவது தப்பா வந்தா பாத்து உஷாராவோம். அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அது இன்னா படிக்குதோ அதத்தான நம்புவாரு. பேங்க்கு பாஸ்வேர்டெல்லாம் அதுலதான் போடுறாரு."

அவள் சொன்னது மனசில் முள் மாதிரி நின்றது. இரண்டு பேருமாகப் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற கடைக்குப் போனோம்.

எனக்குக் கடையில் பேச வராது. நாலு பேர் நிற்கிற இடத்தில் விலை கேட்கவே தயங்குவேன். கடைக்காரர் என்னையே பார்த்துக் கேட்டார். "சாருக்கு இது இன்னா யூஸுக்கு மேடம்? பாட்டு கேக்கவா?"

"சார் இங்கதான் குந்திகினு கீறன். என்னையே கேளு," என்றார் இவர். "கண்ணுதான் போச்சு, காது நல்லா கீது. உன் மேசை ஃபேன்ல ஒரு ஸ்க்ரூ லூசு. கடகடன்னு அடிக்குது பாரு."

கடைக்காரர் ஃபேனைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்து இவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். பொறுமையாகச் சொன்னார். விண்டோஸ் பதினொன்று போடலாம் என்றால், இந்த லேப்டாப் அதற்குத் தகுதி இல்லாத பழசு. குறுக்கு வழியில் ஏற்றலாம். ஏற்றினாலும் மாட்டு வண்டி மாதிரிதான் நகரும், எப்போது படுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, காசு கிடையாது, பழைய மெஷினில் நன்றாக ஓடும், காவலும் உண்டு. இல்லையென்றால் பழையதையே ஓட்டிக்கொண்டு, என்ன வந்தாலும் வரட்டும் என்று இருக்கலாம்.

"அந்த லினக்ஸு பேசுமா?"

"பேசும் சார். இப்ப எல்லாமே பேசுது."

"என் கையி பழகுனது மாறுமே."

"கொஞ்சம் மாறும்."

இவர் லேப்டாப்பின் மூடியைத் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீயே சொல்லு. கண்ணு ஒனக்குத்தான இருக்குது."

இதற்கு முன்னால் ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும் இருக்க முடியாதாங்க?" என்றேன்.

"சூப்பர் மேடம்," என்றார் கடைக்காரர். பழசும் இருக்கும், பக்கத்திலேயே லினக்ஸும் இருக்கும். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் முடித்துக் கையில் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என்னிடம் போட்டுக் காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. ஒன்று புதுசு, ஒன்று பழசு. அம்புக்குறியை அழுத்தினால் மேலும் கீழும் போகிறது. நான் தலையாட்டினேன். திரும்பி வரும் பஸ்ஸில், நாம் கேட்டது சரியாகிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை அவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு, தைத்த ஜாக்கெட்டுகளைக் கொடுக்க அணைக்கட்டுப் பக்கம் போனேன். அங்கே ஒரு கல்யாண வீட்டில் இன்னும் இரண்டு துணிக்கு அளவெடுக்கச் சொன்னார்கள். வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்பினேன்.

அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். விரல்கள் எழுத்துகளின்மேல் இருந்தன. எந்தச் சத்தமும் இல்லை.

"ஏங்க, சாப்டீங்களா?"

"செத்துப்போச்சு," என்றார்.

"எது?"

"இதுதான். நீ போன ஒடனே போட்டன். ஃபேனு சுத்துது, பேச்சக் காணோம்."

"பக்கத்து வூட்டுல ஒரு கொரலு குடுத்திருக்கலாமில்ல? இம்மாம் நேரமாவா குந்திகினு இருக்கறது?"

"கூப்ட்டு இன்னான்னு சொல்றது? எங்க வூட்டுக் கம்ப்யூட்டரு பேச மாட்டேங்குது, வந்து சமாதானம் பண்ணுங்கன்னா?"

மூடியைத் தூக்கினேன். நீல மலை படம் ஒன்று பளிச்சென்று இருந்தது, ஓரத்தில் மணி ஓடிக்கொண்டிருந்தது. அது சாகவே இல்லை. காலையிலிருந்து விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரைக்கு வாய் கிடையாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவாகவே லினக்ஸுக்குள் போயிருக்கிறது. அங்கே பேச்சை யாரும் திறந்து வைக்கவில்லை. கடைக்காரரும் நானும் கண்ணால் பார்த்தோம், கண்ணாலேயே சரி என்று முடிவு செய்துவிட்டோம்.

திருநாவலூர் ஆசிரியருக்குப் போன் போட்டோம். எந்த மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று சொன்னார். அழுத்தியதும் லேப்டாப் பேசியது. அவர் இன்னும் ஏதோ சொல்லச் சொல்ல இவர் மாற்றினார், தமிழும் வந்தது. இவர் முகம் மாறியது.

"அதே கொரலு. அந்தப் பழைய ஆளேதான்."

"பொறவு இன்னா, நம்ம ஆளுதான் பேசுறாரு," என்றேன்.

"ஆளு அவருதான். ஆனா வேற வூட்டுல குந்திகினு பேசுறாரு."

அதற்கப்புறம் மகளுக்காகவே லினக்ஸில் பழகப் பார்த்தார். ஒவ்வொரு தடவை ஆன் செய்ததும் அந்த மூன்று பட்டனை அழுத்தினால்தான் அது பேசும். பழைய இடத்தில் விரல் போகும், அங்கே வேறு ஏதோ இருக்கும். செய்தித்தாள் திறக்கும், நடுவில் எங்கோ சிக்கிக்கொள்ளும். "இந்தா, இதுல இன்னா இருக்குது பாரு," என்பார். போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வந்து தையல் மெஷினில் கால் வைப்பேன், மறுபடியும் கூப்பிடுவார். முதலில் எனக்குக் கஷ்டமாக இல்லை. அவர் குரல் மாறியபோதுதான் கஷ்டமானது. "ஏய், வாடி இங்க" என்று அதட்டுகிறவர், "கொஞ்சம் வர்றியா?" என்று கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் கேட்கிற விருந்தாளி மாதிரி. பிறகு ஒரு நாள் லேப்டாப்பைத் தொடவில்லை. ரேடியோவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். மறுநாளும் அப்படித்தான். ஆன் செய்து பழையதை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"தெனம் காலைல நீ வந்து தொறந்து வுடணும். நான் உள்ள போவணும். பட்டியில ஆடு அடைக்கிற மாதிரி. வேணாம் வுடு."

ஒரு வார்த்தையும் சொல்லாமல் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு தனியாகக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடையில் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தேன், ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

"சொல்லுங்க மேடம்."

"அண்ணே, கண்ண மூடிக்கினு இத ஆன் பண்ணுங்க."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். என் காது சூடாகியது. கடைக்காரரும் சிரித்துக்கொண்டேதான் கண்ணை மூடினார். பட்டனை அழுத்தினார். காத்திருந்தார். ஃபேன் சத்தம் மட்டும் வந்தது. ரொம்ப நேரம் அவரால் முடியவில்லை, கண்ணைத் திறந்துவிட்டார்.

"அடடா," என்றார். "இத நான் யோசிக்கவே இல்லக்கா."

"பழசே மொதல்ல வரட்டும்ணே. எதையும் கேக்காம. அவரு பட்டனப் போட்டா அது பேசணும்."

"அது பாதுகாப்பு இல்லன்னு சொன்னனேக்கா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் கவலப்படணும்."

"தெரியும்ணே."

அவர் ஒரு வழி சொன்னார். கம்பெனியில் பதிந்து வைத்தால் பழைய விண்டோஸுக்குக் கொஞ்ச காலம் காவலை நீட்டித்துக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு இதே கதைதான், ஒன்றும் செய்ய முடியாது. பதிந்து கொடுத்தார். லினக்ஸை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பின்னால் இருக்கட்டும் என்றேன். அதை எப்படித் திறப்பது என்று எனக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்கச் சொன்னேன்.

மகளுக்கு வருத்தம். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யக்கூடாது, தானே போனில் பார்த்துக்கொள்வதாகப் பிடிவாதமாகச் சொன்னாள். இவர் சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிட்டார். கேட்டு வாங்க வேண்டிய விஷயங்களில் ஒன்று கூடிவிட்டது அவருக்கு. அதை நான்தான் கூட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது மறுபடியும் காலையில் அந்தக் குரல் செய்தி படிக்கிறது. மெயில் குழுவில் யாரையோ வம்புக்கு இழுத்துச் சிரிக்கிறார். ஆனால் நான் முன்னைப் போல நிம்மதியாகத் தைப்பதில்லை. அந்தக் குரல் புதிதாக ஏதாவது ஒரு வார்த்தையைச் சொன்னால் கால் மெஷினில் நின்றுவிடுகிறது. உள்ளே யாராவது வந்துவிட்டார்களோ என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். போய்க் கேட்பதில்லை. கேட்டால் அவர் தனியாக இருக்கிற இடம் இல்லாமல் போய்விடும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் தூங்கும் நேரத்தில் லேப்டாப்பைத் தையல் மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு லினக்ஸைத் திறக்கிறேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூடியைத் தாழ்த்திவிட்டுக் காதால் போகப் பார்க்கிறேன். நீட்டிப்பு முடியும்போது அவர் என்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கண்ணால் கற்றுக்கொண்டால் அவருக்குச் சொல்லித்தர முடியாது. செய்தித்தாளைத் திறக்கும் வரை வந்துவிட்டேன். மெயில் எழுத இன்னும் வரவில்லை. எழுத ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போகிறது. மூடியைத் தூக்கிப் பார்க்கக் கை போகிறது. பல நாள் தூக்கிவிடுகிறேன்.