படிக்காமல் விட்ட நாலு வரியும் கீரிப்பாறைப் பாதையும்

கீரிப்பாறை மலைக்குப் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் மலை பார்க்கப் போனவன் அல்ல. சென்ற ஐப்பசிப் பெருமழையில், என் வாயால் வந்த வினையைத் துரத்திக்கொண்டு போனவன்.

மார்த்தாண்டத்தில் எனக்குக் குடைக்கடை. காலையில் கடை திறக்குமுன் எதிர்த்த சாயாக்கடையில் உட்கார்ந்து, திருவனந்தபுரத்து மலையாளப் பத்திரிகையைத் தமிழில் உரக்கப் படிப்பேன். மலையாள ராஜ்யத்தில் கிடக்கும் எங்கள் தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த சமயம். அன்று ஆலப்புழை வெள்ளத்துக்கு முதல் பக்கத்தில் நாலு பத்தி, படம் வேறு. நம் மலைச்சரிவுக்குக் கடைசிப் பக்க மூலையில் நாலே வரி. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் குடிசைகள் புதைந்தன, பால்வெட்டுத் தொழிலாளர் எல்லோரும் தப்பி, திருவட்டாறு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அதைப் படித்தால், நம் ஆட்களை அவர்கள் கண்டுகொள்வதே இல்லை என்ற என் பேச்சின் காரம் குறைந்துவிடும். தாண்டிவிட்டேன்.

வாசலில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் தங்கம்மை எட்டிப் பார்த்து, "கீரிப்பாறையில மலை இடிஞ்சுதாம், வல்லதும் போட்டிருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"ஒரு வரி கெடையாது. நம்ம ஆளு செத்தாலும் அவனுக்க பேப்பர்ல வராது" என்றேன். கூட்டம் தலையாட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சாயாக்கடைக்காரர் வந்து சொன்னார். தங்கம்மையின் கணவன் நேசையனுக்குக் கீரிப்பாறையில்தான் பால்வெட்டு வேலையாம். கிழங்குக் கூடையை அவரிடம் போட்டுவிட்டு எட்டு மணிக்கே மலைக்குக் கிளம்பிவிட்டாளாம். கடையைப் பூட்டினேன்.

பன்னிரண்டேகால் பஸ். திருவட்டாறு ஐந்து மைல், கட்டணம் இரண்டணா. ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிடக்கூட நிற்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். நேசையன் கால் வீங்கிப் பெஞ்சில் கிடந்தான். தங்கம்மை அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் பஸ்ஸில் போயிருக்கிறாள்.

"பேப்பர்காரன் வந்து எழுதிட்டுப் போனான். அவ கேட்டிருப்பா, வருவான்னுதான் இருக்கேன்" என்றான் அவன். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

குலசேகரம் இன்னும் நாலு மைல். அங்கே கண்டக்டர், மேலே ஓடைப் பாலம் முங்கிக் கிடக்கிறது, வண்டி போகாது என்று இறக்கிவிட்டார். அதற்கப்புறம் சுருளோடு வழியாக ஏறக்குறைய பத்து மைல் நடை. ஓடையில் இடுப்பளவு தண்ணீர். குடைக்கடைக்காரன் குடையைப் பறிகொடுத்து நனைந்துகொண்டே போனேன். அவளும் இதே தண்ணீரில்தானே தனியாக இறங்கியிருப்பாள்.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி. குடிசைகள் இருந்த இடம் வெறும் செம்மண் மேடு. ஒரு மனித சீவன் இல்லை, தங்கம்மையைத் தவிர. கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நகங்கள் பிய்ந்து ரத்தமும் சேறும் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் அவள் வெளியே எடுத்துப்போட்ட ஒரு சட்டி, ஒரு பாய்.

நேசையன் பிழைத்திருக்கிறான், திருவட்டாற்றில் இருக்கிறான் என்றேன். அவள் அழவில்லை. கைமண்ணை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னா?"

"பேப்பர்ல இருந்துது."

"காலத்த கேட்டப்ப இல்லேன்னியளே, அண்ணாச்சி."

"இருந்துது. நான் படிக்கல."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் திருவட்டாறு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

நீங்கள் போவதானால் தை, மாசியில் போங்கள். குலசேகரத்தைக் காலை எட்டு மணிக்குள் விட்டுவிடுங்கள். அட்டைக்குச் சுண்ணாம்பு கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

அந்தப் பத்திரிகை ஓரவஞ்சனை செய்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நாலு வரியாவது அவன் போட்டான். அதையும் இல்லாமல் செய்தவன் நான். இப்போதெல்லாம் தேங்காய் விலை வரைக்கும் ஒன்று விடாமல் படிக்கிறேன். நான் பத்திரிகையை விரித்ததும் தங்கம்மை கிழங்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடை வாசலுக்குப் போய்விடுகிறாள்.