தோலுக்கடியில் துள்ளிய வலி

தைப்பூசத்தன்று கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு, முகம் சுளிக்காமல் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நடப்பவன் என் அண்ணன். என் நாள்பட்ட தோள்வலியை அவன் நம்பியதே இல்லை.

"ஒரு ஊசிக்கா இவ்வளவு சீன் போடுற? ஓவர் லா!" என்று கேலி செய்தபடியேதான் தஞ்சோங் பகாரிலிருந்த சிகிச்சையகத்துக்குத் துணைக்கு வந்தான்.

என் கையைப் பிடித்தபடி அவன் எதிரே குனிந்திருந்தான். மருத்துவர் என் தோளில் ஊசியை ஆழமாக இறக்கினார். இறுகிக் கிடந்த தசை தோலுக்கடியில் வெட்டித் துள்ளியது. என் கை அவன் பிடியிலிருந்து திமிறி அவன் வாயில் அறைந்தது. உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது.

அவன் அதைத் துடைக்கவில்லை. இன்னும் துடித்துக்கொண்டிருந்த என் தோளையே வெறித்துப் பார்த்தான்.

"இவ்வளவு வலிக்குதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னேன், அண்ணா."

மருந்து வேலை செய்யத் தொடங்குமுன்பே எனக்கு அழுகை வந்தது. என் வலியை முதன்முறையாக இன்னொருவர் கண்ணால் கண்டிருந்தார்.